ஒரே மூனி, வேறு வேறு ரப்பர்: சங்கிலியின் வடிவமும் ஓட்டமும்

இரண்டு இடங்களில் தயாரான சிஸ்-பாலிபியூட்டாடையீன் ரப்பர். இரண்டின் சான்றிதழிலும் மூனி, அதாவது ரப்பர் ஓட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண், 45. சிஸ் அளவு (சங்கிலி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடரும் அலகுகளின் பங்கு) 96 சதவீதத்துக்கு மேல். கலவையில் வேறு எதையும் தொடவில்லை. ஆனாலும் ஒன்று, இரண்டு உருளைகளுக்கிடையே ரப்பரை அரைக்கும் மில்லின் உருளையைப் பற்றிக்கொண்டு வழவழப்பான பட்டையாகச் சுற்றுகிறது. இன்னொன்று பைபோலத் தொங்கி, ஓரம் கிழிந்து, துண்டு துண்டாகத் தட்டில் விழுகிறது. முதலில் ஆபரேட்டர் மேல் சந்தேகம் வரும், பிறகு உருளையின் வெப்பநிலை மேல், அதன் பிறகு ஆயில் மேல். உண்மையில் சந்தேகப்பட வேண்டியது அந்த 45 என்ற எண்ணைத்தான். எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம்.

மெல்வின் மூனி 1930களில் அமெரிக்காவில் வடிவமைத்த கருவியைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையான ரோட்டர், அதன் மேலும் கீழும் ரப்பர், சுற்றிலும் சூடான மூடிய அறை. 100 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடேற்றி, நிமிடத்துக்கு 2 சுற்று வேகத்தில் நான்கு நிமிடம் சுழற்றி, கடைசியில் தெரியும் முறுக்கு விசையைக் குறித்துக்கொள்வோம். எம்.எல். 1+4 என்று எழுதுவதன் பொருள் இதுதான். 8.3 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை 100 மூனிக்குச் சமம். ஈ.பி.டி.எம்., பியூட்டைல் போன்ற ரப்பர் வகைகளைப் பெரும்பாலும் 125 டிகிரியில் அளப்பார்கள். வெப்பநிலையைக் குறிப்பிடாத மூனி எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ரோட்டரின் விளிம்பு மையத்திலிருந்து 19 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ரோட்டருக்கும் அறைச் சுவருக்கும் இடையே இருப்பது சுமார் 2.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2 சுற்று என்றால், விளிம்பில் ரப்பர் உணரும் ஷியர் வேகம் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வேகம்) வினாடிக்கு ஏறத்தாழ 1.6. விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக அதுவும் குறையும். ஆனால் ரப்பரைத் துளை வழியே தள்ளி வடிவம் தரும் எக்ஸ்ட்ரூடரின் டையில் ஷியர் வேகம் வினாடிக்குப் பத்திலிருந்து ஆயிரம் வரை போகிறது. இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் அதையும் தாண்டுகிறது. தவழும் வேகத்தில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஓடும் வேகத்தில் என்ன நடக்கும் என்று கணிக்கிறோம்.

இந்தத் தாவல் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஷியர் வேகம் கூடக்கூட ரப்பரின் பாகுத்தன்மை குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை பவர் லா குறியீட்டால் சொல்வார்கள். ரப்பர்களுக்கு அது பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை இருக்கும். ஒரே மூனி கொண்ட இரண்டு ரப்பர்களில் ஒன்றின் குறியீடு 0.2, மற்றதன் குறியீடு 0.3 என்று வைத்துக்கொள்வோம். வேகம் 1.6-லிருந்து 1600-க்கு ஆயிரம் மடங்கு உயரும்போது, முதல் ரப்பரைத் தள்ளத் தேவையான அழுத்தம் சுமார் 4 மடங்காகும்; இரண்டாவதற்கு 8 மடங்காகும். மூனி மானியில் ஒரே இடத்தில் நின்ற இரண்டும் டையில் ஒன்றுக்கு இரண்டு என்று பிரிந்து நிற்கின்றன. அந்தக் குறியீட்டை முடிவு செய்வது சங்கிலிகளின் நீளப் பரவலும் கிளைகளும்தான்.

சங்கிலி எப்படிக் கிடக்கிறது

2,00,000 மூலக்கூறு எடை கொண்ட ஒரு பாலிபியூட்டாடையீன் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பியூட்டாடையீன் அலகின் எடையும் 54; ஆக ஒரே வரிசையில் 3,700 அலகுகள். சங்கிலியை முழுக்க நிமிர்த்தினால் ஒன்றரை மைக்ரோமீட்டருக்கு மேல் நீளும். ஆனால் அது நிமிர்ந்து கிடப்பதில்லை. ஒழுங்கில்லாமல் சுருண்டு, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சுமார் 40 நானோமீட்டர் தூரத்தில் அடங்கிவிடுகிறது. அதே இடத்துக்குள் பக்கத்துச் சங்கிலிகளும் ஊடுருவிப் பின்னிக் கிடக்கின்றன.

இரண்டு பின்னல்களுக்கு இடைப்பட்ட சராசரிச் சங்கிலித் துண்டின் எடை ஒவ்வொரு ரப்பருக்கும் வேறு. சிஸ்-பாலிபியூட்டாடையீனுக்கு அது 2,000-ஐ ஒட்டி இருக்கும். பாலிஐசோபிரீனுக்குப் பல ஆயிரம். பியூட்டைல் ரப்பரின் முதுகெலும்பான பாலிஐசோபியூட்டிலீனுக்கு இன்னும் அதிகம். ஒவ்வோர் அலகிலும் இரண்டு மெத்தில் குழுக்களைச் சுமக்கும் பாலிஐசோபியூட்டிலீன் தடித்த சங்கிலி. அதே எடைக்கு நீளம் குறைவு, பின்னலும் குறைவு. மேலே சொன்ன பாலிபியூட்டாடையீன் சங்கிலியில் சுமார் நூறு பின்னல்கள் இருக்கும்.

பின்னல் தொடங்கும் எடைக்குக் கீழே, எடை இரட்டித்தால் பாகுத்தன்மையும் ஏறத்தாழ இரட்டிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பாகுத்தன்மை எடையின் 3.4-ஆம் அடுக்காக ஏறும். எடை இரட்டித்தால் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு மேல். எடை 20 சதவீதம் கூடினாலே 86 சதவீதம் ஏறிவிடும். இது மிக மெதுவான ஓட்டத்துக்கான கணக்கு. மூனியில் இந்த ஏற்றம் மட்டுப்பட்டுத்தான் தெரியும். பாலிமரைசேஷனில் நேரும் சின்னப் பிசகு மில்லில் பெரிதாகத் தெரிவதன் காரணம் இந்த 3.4-தான்.

பின்னிக் கிடக்கும் சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாது. தன் பாதையிலேயே முன்னும் பின்னும் ஊர்ந்துதான் வெளியே வர முடியும் என்று 1971-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் விளக்கினார். டோயியும் எட்வர்ட்ஸும் 1978-இல் அதை முழுமையான ஓட்டக் கோட்பாடாக வளர்த்தார்கள். அந்த ஊர்தலை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் கிளை விவகாரம் தானாகப் புரியும்.

கிளை

சங்கிலியின் நடுவில் ஒரு நீளமான கிளை முளைத்துவிட்டால் ஊர்தல் நின்றுபோகும். கிளை தன் நுனியைச் சந்திப்பு வரை உள்ளிழுத்துக்கொண்டு, பிறகு வேறு திசையில் நீட்டினால்தான் மூலக்கூறு ஓர் அடி நகரும். அப்படி முழுக்க உள்ளிழுக்கும் வாய்ப்பு, கிளையின் நீளம் கூடக்கூட அடுக்குக்குறி வேகத்தில் அருகிக்கொண்டே போகும். அதனால் நீண்ட கிளை உள்ள ரப்பர் மெதுவான ஓட்டத்தில் நகரவே மறுக்கும். வேகமான ஓட்டத்திலோ நிலைமை தலைகீழ். கிளைத்த மூலக்கூறு அதே எடையுள்ள நேர்ச்சங்கிலியை விடக் குறுகிய உருண்டையாக இருக்கிறது. வேகம் கூடும்போது அதன் பாகுத்தன்மை செங்குத்தாக இறங்குகிறது. அலமாரியில் அசையாமல் நிற்பதும் டையில் எளிதாக ஓடுவதும் ஒரே ரப்பராக இருக்க முடிவது இதனால்தான்.

எல்லாக் கிளையும் கிளையாகிவிடாது. பியூட்டாடையீன் 1,2 முறையில் சேரும்போது பக்கத்தில் நிற்கும் வினைல் குழுவில் இருப்பது இரண்டே கார்பன். அது பின்னலில் மாட்டாது, ஊர்தலைத் தடுக்காது. அது செய்வது வேறு வேலை. சங்கிலியின் திருகலை விறைப்பாக்கி, கண்ணாடி நிலை வெப்பநிலையை உயர்த்துகிறது. அதிக சிஸ் கொண்ட ரப்பருக்கு இது மைனஸ் 100-க்கும் கீழே. வினைல் கூடக்கூட பூஜ்ஜியத்தை நோக்கி ஏறும். ஓட்டத்தைப் பொறுத்தவரை கிளை என்ற பெயருக்குத் தகுதியானது, பின்னல் எடையை விடப் பல மடங்கு நீண்டது மட்டுமே. இதை மறந்துவிட்டு "வினைல் அதிகம், அதனால் கிளை அதிகம்" என்று பேசுவது அடிக்கடி காதில் விழுகிறது. இரண்டும் வேறு வேறு.

கிளை எங்கிருந்து வருகிறது என்பது தயாரிப்பு முறையைப் பொறுத்தது. நியோடைமியம் வினையூக்கி சிஸ் அளவை 98 சதவீதத்துக்கும் அருகே கொண்டுபோய், ஏறத்தாழ நேர்ச்சங்கிலிகளையே தரும். கோபால்ட் வினையூக்கியில் சிஸ் 96, 97 சதவீதம். கிளைகளைக் கூட்டவோ குறைக்கவோ அதில் இடம் உண்டு. டைட்டானியம் தருவது பெரும்பாலும் நேரானது. பியூட்டைல்லித்தியம் தரும் ரப்பரில் சிஸ் 40 சதவீதத்துக்கும் கீழே; டிரான்ஸ் பாதிக்கு மேல்; சங்கிலிகளின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுபோல. இந்தக் கடைசி வகையை நேர்ச்சங்கிலியாகவே விட்டால் பேல் (அழுத்திக் கட்டிய ரப்பர்க் கட்டி) நிலைத்து நிற்காது. கிடங்கில் அடுக்கிய சில வாரங்களில் கீழ்வரிசைப் பேல்கள் பிதுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் டெட்ராகுளோரைடு அல்லது டின் டெட்ராகுளோரைடு கொண்டு நான்கு சங்கிலி முனைகளை ஒரே அணுவில் கட்டி நட்சத்திர வடிவமாக்குவது இந்த நோய்க்கு மருந்து.

டின்னும் சிலிக்கானும் இங்கே ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் டின்-கார்பன் பிணைப்பு பலவீனமானது. மிக்ஸரில் ஸ்டியரிக் அமிலமும் வெப்பமும் சேரும்போது அது அறுந்துவிடும். அறுந்ததும் நான்கு கைகளும் தனித்தனிக் குட்டைச் சங்கிலிகளாகி பாகுத்தன்மை இறங்கும்; அறுந்த முனைகள், ரப்பரை வலுவாக்கச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கின் மேற்பரப்போடு சேர்ந்து அதைப் பரவலாகப் பிடித்துவைக்கும். கிடங்கில் பேல் நிற்கும், மிக்ஸரில் இளகும், ஓடும் டயரில் வெப்ப இழப்பும் குறையும். ரப்பர் வேதியியலில் இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டைக் காண்பது அரிது. சிலிக்கான் பிணைப்பு இப்படி அறுவதில்லை. அந்த நட்சத்திரம் கடைசி வரை நட்சத்திரமாகவே இருக்கும்.

எமல்ஷன் எஸ்.பி.ஆரின் (நீரில் துகள்களாகத் தயாரிக்கும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பர்) கதை வேறு. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்கா போர்க்காலத்தில் குவித்துத் தயாரித்தது 50 டிகிரியில் பாலிமரைஸ் செய்த 'ஹாட்' ரப்பர். கிளையும், சங்கிலிகள் இணைந்து கரையாத வலையாகிவிட்ட ஜெல்லும் நிறைய. பிறகு ரெடாக்ஸ் தொடக்கிகள் வந்ததும் 5 டிகிரியில் செய்யும் 'கோல்ட்' ரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. அங்கேயும் மோனோமர் முழுவதும் தீரும் வரை வினையை ஓட விடமாட்டார்கள். சுமார் 60 சதவீதத்தில் நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டினால் துகளுக்குள் மோனோமர் குறைந்து பாலிமர் செறிவு கூடும். வளரும் முனை புதிய மோனோமரைத் தேடுவதற்குப் பதில் பக்கத்துச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கும். சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்தும் மெர்காப்டனும் அதற்குள் தீர்ந்திருக்கும். கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து ஜெல்லாகும். ஒரு பேட்ச் எஸ்.பி.ஆர். திடீரென்று விறைப்பாக வந்து, எக்ஸ்ட்ரூடரில் மணல்போன்ற புள்ளிகளையும் விட்டால், இந்த இடத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இயந்திரத்தில்

மில்லில் ரப்பர் நடந்துகொள்ளும் விதத்தை 1960களில் டோக்கிட்டாவும் ஒயிட்டும் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் ரப்பர் விறைப்பாக இருந்து இடுக்குக்குள் போகாமல் மேலேயே துள்ளும். இரண்டில் இறுக்கமான, மீள்தன்மை உள்ள பட்டையாக உருளையைக் கவ்வும். மூன்றில் பட்டை தளர்ந்து பையாகத் தொங்கிக் கிழியும். நான்கில் முழுக்க இளகி, பாகுபோல மறுபடி ஒட்டும். மிக்ஸிங்குக்கு வேண்டியது இரண்டாம் நிலை. வெப்பநிலை ஏற ஏற ரப்பர் ஒவ்வொரு நிலையாகக் கடந்து போகும். எந்த வெப்பநிலையில் எந்த நிலை என்பதைச் சங்கிலிதான் தீர்மானிக்கும்.

சிஸ்-பாலிபியூட்டாடையீனுக்கு இரண்டாம் நிலை மிகவும் குறுகலானது. உருளை 40, 50 டிகிரியில் இருக்கும் வரை பட்டை நிற்கும். அதைத் தாண்டியதும் மூன்றாம் நிலைக்குள் விழுந்துவிடும். நேர்ச்சங்கிலியும் குறுகிய நீளப் பரவலும் கொண்ட வகைகள் இன்னும் சீக்கிரம் விழும். இழுபடும்போது பட்டையைப் பிடித்து நிறுத்த மிக நீண்ட சங்கிலிகளோ கிளைகளோ போதிய அளவில் இல்லாததே காரணம். பட்டை கிழியும்போது பலரும் முதலில் செய்வது உருளையைச் சூடாக்குவது. அது எதிர்த்திசை. தண்ணீரைத் திறந்து குளிர்விக்க வேண்டும், இடுக்கைக் குறைக்க வேண்டும். அதிலும் நிற்காவிட்டால் இயற்கை ரப்பரையோ எஸ்.பி.ஆரையோ கலக்க வேண்டும். முதலில் பட்டை கட்டுவது இயற்கை ரப்பராக இருக்கட்டும். பாலிபியூட்டாடையீனை அதன் மேல் சேர்க்கலாம்.

இயற்கை ரப்பரைப் போல மில்லில் அரைத்தே இளக வைக்கலாம் என்று எஸ்.பி.ஆரிடமோ பாலிபியூட்டாடையீனிடமோ எதிர்பார்க்கக் கூடாது. அறுந்த முனைகள் பக்கத்துச் சங்கிலியோடு சேர்ந்துகொள்வதால், அறுபடுவதும் கிளைப்பதும் ஒருங்கே நடக்கும். கலவை 160 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் எஸ்.பி.ஆர். இளகுவதற்குப் பதில் ஜெல்லாக மாறத் தொடங்கும். அதிக நேரம் ஓட்டியும் மூனி குறையவில்லை, ஏறுகிறது என்றால் நடப்பது இதுதான்.

கார்பன் பிளாக் போன்ற ஃபில்லரைச் சேர்த்ததும் படம் இன்னும் மாறும். 100 பங்கு எஸ்.பி.ஆரில் 50 பங்கு கார்பன் பிளாக் போட்டால், கன அளவில் அது சுமார் 21 சதவீதம். ஃபில்லரின் கன அளவை வைத்துக் கணிக்கும் கூத்-கோல்ட் சமன்பாட்டின்படி பாகுத்தன்மை 2.1 மடங்கு ஆக வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஏறும். பிளாக் கொத்துகளின் இடுக்குகளில் சிக்கிய ரப்பர் ஓட்டத்தில் பங்கெடுக்காமல், தானும் ஃபில்லர்போல நடந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். மிக்ஸிங் மோசமாக இருந்தால் சிக்கிய ரப்பர் அதிகம், மூனியும் அதிகம். ஆகவே கலவையின் மூனி ஏறியதற்கு அடிப்படை ரப்பரைக் குறை சொல்வதற்கு முன், பிளாக் சரியாகப் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

டையில் பிரச்சினை வீக்கம். டை லேண்ட் (துளையின் ஒரே அகலமுள்ள கடைசிப் பகுதி) 10 மில்லிமீட்டர், ரப்பர் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், லேண்டுக்குள் அது இருக்கும் நேரம் 0.06 வினாடி. நீண்ட சங்கிலிகளும் கிளைகளும் இழுவிசையைத் தளர்த்தப் பல வினாடிகள் கேட்கும். எனவே டைக்கு முன்னால் இருந்த அகலமான வடிவம் சங்கிலியின் நினைவில் இருந்தபடியே வெளியே வந்து, அங்கே மீண்டு வீங்குகிறது. லேண்டை நீட்டுவது, நுழைவைச் சரிவாக்குவது, வேகத்தைக் குறைப்பது, டையைச் சூடாக்குவது, ஃபில்லரைக் கூட்டுவது எல்லாமே உதவும். ஆனால் ரப்பரின் லாட் (ஒன்றாகத் தயாரான தொகுதி) மாறி அதன் கிளை அளவும் மாறியிருந்தால், நேற்று சரியாக வெட்டிய டை இன்று தவறான அளவைத் தரும். மறுபுறம், குறுகிய பரவல் கொண்ட நேர்ச்சங்கிலி ரப்பரில் வீக்கம் குறைவாக இருந்தாலும் பரப்பு சொரசொரப்பாகும். சுவரில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி ஓடுவதன் அடையாளம் அது. இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மூனிக்கு மேல் என்ன அளப்பது

இருக்கும் மூனி மானியிலேயே செலவில்லாமல் கிடைக்கும் தகவல் ஒன்று உண்டு. நான்கு நிமிடம் முடிந்ததும் ரோட்டரைச் சட்டென்று நிறுத்தி, முறுக்கு விசை எப்படித் தளர்கிறது என்று பதிவு செய்யுங்கள். விசையையும் நேரத்தையும் லாக் அளவில் வரைந்தால் ஏறத்தாழ நேர்க்கோடு வரும். கோடு செங்குத்தாக இறங்கினால் சங்கிலிகள் நேரானவை. சாய்வு குறைந்து கோடு படுத்துக் கிடந்தால் கிளைகளோ மிக நீண்ட சங்கிலிகளோ ஜெல்லோ உள்ளே இருக்கின்றன. ஒரே மூனி எண் உள்ள லாட்டுகளுக்கிடையே மட்டும் இந்தச் சாய்வை ஒப்பிட வேண்டும். மூனி வேறாக இருந்தால் சாய்வும் மாறும், ஒப்பீடு குழப்பும்.

கரைசல் வழியும் உண்டு. ரப்பரை டொலுவீனில் 5 சதவீதம் கரைத்து, 25 டிகிரியில் பாகுத்தன்மையை அளந்து, அதை மூனியால் வகுங்கள். கிளைத்த மூலக்கூறு கரைசலில் சிறிய உருண்டையாக இருக்கும். அதனால் விகிதம் குறையும். விகிதம் உயர்ந்தால் சங்கிலி நேரானது. சிஸ்-பாலிபியூட்டாடையீனுக்கு இது நம்பகமான சோதனை.

கரைத்த சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜி.பி.சி. வரைபடம் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். மாதிரியை வடிகட்டித்தான் அந்தக் கருவியின் குழாயில் செலுத்துகிறார்கள். ஜெல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஓட்டத்தை அதிகம் மாற்றும் பகுதி வரைபடத்தில் வராமலே போகும். ஜெல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஃபில்லர் சேர்க்காத ரப்பரைப் பொடியாக வெட்டி, 0.2 முதல் 0.4 கிராம் வரை நிறுத்து, 100 மில்லிலிட்டர் டொலுவீனில் இருட்டில் ஒன்றிரண்டு நாள் குலுக்காமல் ஊற வையுங்கள். பிறகு எடை தெரிந்த நுண்ணிய வலையில் வடித்து, உலர்த்தி, வலையை மறுபடி நிறுக்க வேண்டும். குலுக்கினால் தளர்வான ஜெல் உடைந்து வலை வழியே போய்விடும், விடை பொய்யாகும்.

மூனி அளவீட்டிலேயே நேரும் பிழைகளையும் முதலில் களைய வேண்டும். மாதிரியில் காற்றுக் குமிழி இருந்தால் எண் குறையும். ரோட்டரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்திருந்தால் ரப்பர் வழுக்கி எண் குறையும். ஒரு தடவை மில்லில் ஓட்டிய மாதிரியையும் அடுத்த தடவை பேலிலிருந்து நேராக வெட்டிய மாதிரியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் லாட்டினுடையதா, தயாரிப்பினுடையதா என்று தெரியாது. ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

ரப்பரை முன்னும் பின்னும் முறுக்கி அளக்கும் ஆர்.பி.ஏ. கருவி இருந்தால், 100 டிகிரியில் அதிர்வெண்ணை 0.1 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸ் வரை கூட்டி டான் டெல்டாவை (பாகுபோல் ஓடும் பங்குக்கும் மீளும் பங்குக்கும் உள்ள விகிதம்) பாருங்கள். குறைந்த அதிர்வெண்ணில் டான் டெல்டா குறைவாக இருக்கும் லாட்டில் கிளை அதிகம் என்று கொள்ளலாம். இரண்டு லாட்டுகளின் கோடுகள் நடுவில் ஒன்றையொன்று வெட்டினால், வெட்டும் இடத்துக்கு இடப்பக்கம் கிடங்கில் என்ன நடக்கும் என்பதையும், வலப்பக்கம் டையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லும். புதிய லாட் வந்ததும் பழைய லாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே கருவியில், ஒருவரே அளப்பது நல்லது. பழைய லாட்டின் துண்டைக் காற்றும் வெளிச்சமும் படாமல் கட்டி, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும்.